ஓபி கட்ட எந்தக் களம்? ரோப்லாக்ஸ், மைன்கிராஃப்ட், ஸ்கிராட்ச் – தோட்டப்புறப் பெற்றோருக்கு ஓர் ஒப்பீடு

பள்ளி விடுமுறை நெருங்கினால் என்னிடம் வரும் கேள்வி ஒன்றுதான், கேட்பவர்கள்தான் மாறுகிறார்கள். சென்ற முறை கேட்டவர் செம்பனைத் தோட்டத்தில் வேலை பார்க்கும் ஒரு தாய். "அக்கா, மகன் ஓபி செய்யப் போகிறேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். மடிக்கணினி வாங்க வேண்டும் என்கிறான். அவன் மாமா மகன் கைப்பேசியில் மைன்கிராஃப்ட் போதும் என்கிறான். பள்ளியிலோ ஸ்கிராட்ச் சொல்லிக்கொடுக்கிறார்கள். நான் எதற்குப் பணம் சேர்ப்பது?"

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் சனிக்கிழமை மாலைகளில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளுக்குக் கணினி சொல்லிக்கொடுக்கிறேன். பாதிப் பேர் தாமான் எனும் குடியிருப்புகளிலிருந்து வருகிறார்கள், மீதிப் பேர் தோட்டத்து லயங்களிலிருந்து, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளிலிருந்து. அந்தத் தாய்க்கு வாசலில் நின்றபடி சொன்ன பதில் அவசரப் பதிலாகிவிட்டது. நிதானமாகச் சொல்லியிருக்க வேண்டியதை இங்கே எழுதுகிறேன்.

ஓபி என்றால் தடைப்பாதை விளையாட்டு. தமிழ்ப்பள்ளிச் சுக்கானேக்காவில், அதாவது வேடிக்கை விளையாட்டுப் போட்டியில், சாக்குக்குள் நின்று குதித்து, டயருக்குள் நுழைந்து, பலகைமேல் நடந்து ஓடியிருப்பீர்கள். அதையே திரைக்குள் கொண்டுபோனால் ஓபி. ஓடுவதைவிட அந்தப் பாதையைக் கட்டுவதில்தான் பிள்ளைகளுக்கு ஆசை. அந்த ஆசை நல்ல ஆசை, அதை வீணாக்கக் கூடாது. கட்ட மூன்று களங்களைப் பார்ப்போம்: பலர் செய்த விளையாட்டுகளை விளையாடும் ரோப்லாக்ஸ் தளத்தின் கட்டும் கருவியான ஸ்டூடியோ, கட்டைகளால் உலகம் கட்டும் மைன்கிராஃப்ட் விளையாட்டு, கட்டளைத் துண்டுகளை அடுக்கி நிரல் செய்யும் ஸ்கிராட்ச்.

## எதை வைத்து முடிவு செய்வது

நான் ஐந்து விஷயங்களைப் பார்க்கிறேன். வீட்டில் என்ன கருவி இருக்கிறது, கணினியா கைப்பேசியா? இணையம் எப்படி? டவுனில் ஃபைபர் இருக்கலாம், தோட்டத்தின் உள்ளே போனால் பிரீபெய்டு டேட்டாதான், அதுவும் மழை நாளில் மெதுவாகிவிடும். மூன்றாவது, கடையில் சொல்லாத செலவு. நான்காவது, பிள்ளை இதில் எதைக் கற்றுக்கொள்கிறது.

ஐந்தாவதைத்தான் நான் எல்லாவற்றுக்கும் மேலே வைக்கிறேன். கட்டி முடித்த அன்று மாலையே அதை யார் விளையாடுவார்கள்? அத்தை மகளும் பக்கத்து வீட்டுப் பையனும் தம் கைப்பேசியில் ஓடிப் பார்த்து, "மூன்றாவது நிலையைத் தாண்டவே முடியவில்லை" என்று கத்தினால், கட்டிய பிள்ளை அன்றிரவே திருத்த உட்கார்ந்துவிடும். விளையாட ஆளில்லாத ஓபியை இரண்டாவது வாரத்திலேயே கைவிட்டுவிடுகிறார்கள். எத்தனையோ பிள்ளைகளிடம் இதைப் பார்த்துவிட்டேன்.

| அளவுகோல் | ரோப்லாக்ஸ் ஸ்டூடியோ | மைன்கிராஃப்ட் (கைப்பேசி) | ஸ்கிராட்ச் |
|---|---|---|---|
| கட்டத் தேவையான கருவி | விண்டோஸ் அல்லது மேக் கணினி | கைப்பேசியே போதும் | எந்தக் கணினியும், டேப்லெட்டும் |
| இணையம் | தொடர்ந்து தேவை | கட்டும்போது தேவையில்லை | நிறுவிவிட்டால் தேவையில்லை |
| விலை | இலவசம் | ஒருமுறை வாங்க வேண்டும் | இலவசம் |
| மறைந்த செலவு | ரோபக்ஸ் (ரோப்லாக்ஸின் பணம்) ஆசை, டேட்டா, மேற்பார்வை | நண்பர்களும் தனித்தனியே வாங்க வேண்டும் | குதிப்பதைக்கூட நாமே எழுத வேண்டும் |
| கற்பது | முப்பரிமாண வடிவமைப்பு, எழுத்து நிரல் | இடக்கணக்கு, கட்டளைகள் | நிரலாக்கத்தின் அடிப்படை |
| யார் விளையாடுவார்கள் | கைப்பேசி வைத்திருக்கும் எல்லோரும் | ஒரே வைஃபையில் உள்ளவர்கள், இணையமும் மைக்ரோசாஃப்ட் கணக்கும் இருந்தால் தொலைவில் உள்ளவர்களும் | இணைப்பு கிடைத்தவர்கள், விசைப்பலகை இருந்தால் |

## ரோப்லாக்ஸ் ஸ்டூடியோ

2006இல் வெளிவந்த தளம் இது. ஓபி என்ற பெயரையே பிள்ளைகள் வாயில் போட்டது இதுதான். ஸ்டூடியோவுக்குக் காசு இல்லை. ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில்தான் பெற்றோர் பணத்தை இழக்கிறார்கள். ரோப்லாக்ஸை விளையாடக் கைப்பேசி போதும், ஸ்டூடியோவில் *கட்டுவதற்கு* விண்டோஸ் அல்லது மேக் கணினி வேண்டும். டேப்லெட்டிலும் குரோம்புக்கிலும் ஸ்டூடியோ ஓடாது. புது டேப்லெட்டை உறை பிரிக்காமல் தூக்கிக்கொண்டு வந்த தகப்பனாரிடம் இதைச் சொல்ல நேர்ந்தது, மிகவும் கஷ்டமாக இருந்தது. நான்கு ஜிபி நினைவகம் உள்ள பழைய மடிக்கணினியில் திறக்கலாம், மூச்சு வாங்கும். எட்டு ஜிபி இருந்தால் நிம்மதியாக வேலை செய்யலாம்.

கட்டும் முறை எளிது. ஒரு கட்டையை வைக்கிறோம், நீட்டுகிறோம், நிறம் கொடுக்கிறோம், அடுத்த கட்டையைச் சற்றுத் தள்ளி வைக்கிறோம். என் வகுப்புப் பிள்ளைகள் முதன்முதலில் கட்டியது தோட்டத்தையேதான். வடிகாலின் குறுக்கே சாய்ந்த செம்பனைத் தண்டு, அதைத் தாண்டினால் மட்டை அடுக்கு, அதன் பிறகு ஏணி, ஆலைப் புகைபோக்கி. பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. ஓட்டிப் பார்க்கும் பொத்தானை அழுத்தியதும் தண்டுகள் எல்லாம் பொலபொலவென்று கீழே விழுந்துவிட்டன. 'ஆங்கர்' என்ற பண்பை இயக்காமல் விட்டால், அந்தரத்தில் நிற்கும் கட்டை எதுவும் ஈர்ப்புக்குப் பணிந்து விழுந்துவிடும். அந்த ஒரு மாலையில் அவர்கள் கற்றது எந்தப் பாடநூலிலும் அவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்காது.

இன்னொன்று, பேஸ்பிளேட் எனும் அடித்தளத்தை நீக்கிவிட வேண்டும். இல்லையென்றால் தவறி விழுந்தவர் உயிரோடு தரையில் நடந்தே முடிவிடத்தை அடைந்துவிடுவார். அடித்தளம் இல்லாவிட்டால் கீழே விழும் பாத்திரம் உயரக் கணக்கில் -500ஐத் தாண்டியதும் தானாகவே இறந்து, திரும்பத் தொடங்கிய இடத்தில் எழும்.

எத்தனை தூரத்தில் அடுத்த கட்டையை வைப்பது? இங்கே கணக்கு வருகிறது, எனக்கு மிகவும் பிடித்த இடம். ரோப்லாக்ஸில் நீளத்தின் அலகு ஸ்டட். வழக்கமான அமைப்பில் பாத்திரம் வினாடிக்கு 16 ஸ்டட் நடக்கும், 7.2 ஸ்டட் உயரம் குதிக்கும், ஈர்ப்பு 196.2. இதைப் போட்டுப் பார்த்தால் ஒரு குதியில் அரை வினாடிக்குச் சற்று அதிகமாகக் காற்றில் இருக்கும். அப்படியென்றால் சமதளத்தில் எட்டரை ஸ்டட் அளவுக்குப் போகும். முதல் நிலைகளில் ஐந்து ஸ்டட் இடைவெளி, நடுவில் ஏழு, கடைசியில் எட்டு என்று வைத்தால் ஏறுவரிசை சரியாக அமையும். வேகம், நேரம், தூரம் என்றாலே முகம் சுளிக்கும் பிள்ளை, தன் வடிகாலைத் தாண்ட முடியுமா என்று தானே பெருக்கிப் பார்ப்பதை நான் கண்டிருக்கிறேன்.

நிரல் எழுதாமலேயே நடுநிலைகளை அமைக்கலாம். ஒவ்வொரு நிலையின் தொடக்கத்திலும் பாத்திரம் எழும் இடமான ஒரு 'ஸ்பான் லொகேஷன்', அதற்கு ஒரு குழு நிறம், தொட்டவுடன் குழு மாறும் அமைப்பு. அவ்வளவுதான், விழுந்தவர் கடைசியாகத் தொட்ட நிலையிலிருந்து எழுவார். நெருப்புக் கட்டைக்கு நாலைந்து வரி நிரல் வேண்டும். தொட்டது யாருடைய உடல், அந்த உடலுக்குள் உயிரைக் கையாளும் ஹியூமனாய்டு என்ற பொருள் இருக்கிறதா, இருந்தால் உயிரை பூஜ்ஜியமாக்கு. எழுதும் மொழி லுவாவ். 1993இல் பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவில் பிறந்த லுவா என்ற மொழியிலிருந்து வளர்ந்தது. பிள்ளை உண்மையான எழுத்து நிரலைத் தொடும் இடம் இது. அறிவிப்புப் பலகைகளில் தமிழ் வேண்டுமானால், எழுத்தைப் படமாக வரைந்து கட்டைமேல் ஒட்டலாம். எங்கள் பிள்ளைகள் 'வடிகால், கவனம்' என்று எழுதி ஒட்டினார்கள்.

### ஸ்டூடியோவுக்குள்ளும் மூன்று வழிகள்

ஸ்டூடியோவைத் தேர்ந்தெடுத்த பிறகும் ஒரு தேர்வு மிச்சமிருக்கிறது. தயாராக இருக்கும் ஓபி வார்ப்பை எடுத்து மாற்றுவது, டூல்பாக்ஸில் பிறர் போட்டிருக்கும் பொருள்களை இழுத்து ஒட்டுவது, வெறுந்தளத்தில் தாமே ஒவ்வொரு கட்டையாக வைப்பது.

வார்ப்பு முதல் நாளுக்கு நல்லது. ஓடுகிற ஒன்றைப் பிரித்துப் பார்த்து, எந்தக் கட்டைக்குள் எந்த நிரல் உட்கார்ந்திருக்கிறது என்று தேடலாம். ஆனால் அதன் நிறத்தை மட்டும் மாற்றி "நான் செய்தது" என்று வெளியிட்டால், அதே வார்ப்பில் வந்த எண்ணற்ற ஓபிகளில் அதுவும் ஒன்றாகிவிடும்.

டூல்பாக்ஸில்தான் நான் கண்டிப்பாக இருக்கிறேன். மரமும் பாறையும் எடுத்துக்கொள்ளட்டும். நிரலோடு வரும் இலவசப் பொருள்களில் சிலவற்றுக்குள், விளையாடுபவரை வேறு விளையாட்டுக்கு இழுத்துச் செல்வது, தேவையற்ற விற்பனைச் சாளரத்தைத் திறப்பது போன்ற வேலைகளைச் செய்யும் நிரல் ஒளிந்திருக்கும். எடுத்த பொருளைத் திறந்து, உள்ளே ஸ்கிரிப்ட் எதுவும் இருந்தால் வாசித்துப் புரிந்துகொள்ள வேண்டும். புரியவில்லை என்றால் அந்த ஸ்கிரிப்டை நீக்க வேண்டும். இது எங்கள் வகுப்பின் விதி.

வெறுந்தளம் மெதுவானது. பத்து நிலைக்கு நான்கு சனிக்கிழமைகள் பிடிக்கும். ஆனாலும் இறுதியில் எல்லோரையும் அங்கேதான் கொண்டுபோய் நிறுத்துகிறேன்.

### ரோப்லாக்ஸின் மறைந்த செலவுகள்

உள்நுழைய இணையம் வேண்டும். ஸ்டூடியோ அடிக்கடி தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும், கைப்பேசி ஹாட்ஸ்பாட்டில் வேலை செய்தால் டேட்டா கரைவது தெரியும்.

பிறர் விளையாடும்படி திறப்பதற்கு முன், உள்ளடக்கம் எந்த வயதுக்கு ஏற்றது என்று கேட்கும் கேள்வித்தாளை நிரப்ப வேண்டும். அதைப் பெற்றோர் பக்கத்தில் உட்கார்ந்து நிரப்புங்கள். அரட்டைக்கு வயதுச் சரிபார்ப்பு உண்டு, பெற்றோர் கணக்கை இணைத்துச் செலவுக்கும் நேரத்துக்கும் வரம்பு வைக்கலாம். முதல் மாதம் தெரிந்தவர்கள் மட்டும் நுழையும்படி வைத்திருப்பது என் பழக்கம். இந்த விதிகள் அடிக்கடி மாறுவதால், கணக்குத் திறக்கும் நாளில் பெற்றோருக்கான பக்கத்தைப் படித்துவிடுங்கள்.

விளையாடுபவர் நாளை திரும்பி வந்தால் விட்ட நிலையிலிருந்து தொடர வேண்டும் அல்லவா? அதற்குத் தரவைச் சேமிக்கும் நிரல் தனியே எழுத வேண்டும். ஐந்து வரி நெருப்புக் கட்டையைவிட இது பல மடங்கு கடினம். பல பிள்ளைகள் இங்கேதான் சோர்ந்துவிடுகிறார்கள். பத்து நிலை ஓபிக்கு இது வேண்டாம், ஒரே மூச்சில் ஓடி முடித்துவிடலாம். ஐம்பது நிலை கட்டும்போது பார்த்துக்கொள்ளலாம்.

பணம் வரும் என்று நம்பிச் சேர்க்காதீர்கள். விளையாட்டுக்குள் சிறப்புச் சலுகை தரும் ஒரு கேம் பாஸ் விற்றால் எழுபது விழுக்காடு ரோபக்ஸ் கட்டியவருக்கு. அதை ரொக்கமாக மாற்ற 13 வயது நிரம்பியிருக்க வேண்டும், விற்றுச் சம்பாதித்த ரோபக்ஸ் குறைந்தது 30,000 சேர்ந்திருக்க வேண்டும். நம் பிள்ளையின் முதல் ஓபி அந்த உயரத்தைத் தொடும் என்று எண்ணிக் கடன் வாங்கி மடிக்கணினி எடுக்க வேண்டாம். எதிர்த்திசையில், பிள்ளை ரோபக்ஸ் கேட்டு நச்சரிப்பதுதான் நடைமுறையில் நடப்பது. ஓபி கட்ட ஒரு ரோபக்ஸ்கூடத் தேவையில்லை என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

## மைன்கிராஃப்ட், கைப்பேசியில்

வீட்டில் கணினி இல்லை, ஒரு கைப்பேசிதான் என்றால் இதை மறுபேச்சில்லாமல் பரிந்துரைப்பேன். ஒருமுறை வாங்கினால் போதும், கட்டும்போது இணையம் வேண்டாம். சிக்னல் எட்டாத தோட்டப் பிரிவில் இருக்கும் பிள்ளைகளுக்கு இது பெரிய வரம்.

கட்டைகள் எல்லாம் ஒரே அளவு என்பதால் கணக்கு இன்னும் எளிது. ஒரு கட்டை உயரம் ஏறலாம், ஒன்றரை ஏற முடியாது. வேகமாக ஓடிக் குதித்தால் நான்கு கட்டை இடைவெளியைத் தாண்டலாம், ஆனால் அது தேர்ந்தவர்களுக்கு. தொடுதிரையில் ஓடிக் குதிப்பது விசைப்பலகையைவிடக் கடினம், அதனால் இரண்டு, மூன்று கட்டை இடைவெளியோடு நிறுத்துங்கள். 'சீட்ஸ்' எனும் ஏமாற்றுக் கட்டளைகளை இயக்கி, கட்டளைக் கட்டையை எடுத்து, மிதித்தால் அழுந்தும் தட்டோடு இணைத்து, விழுந்தவர் எழும் இடத்தை மாற்றும் கட்டளையை அதில் எழுதினால் நடுநிலை தயார். எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைக்கு இதுவே நல்ல நிரலாக்க வாசல்.

மறைந்த செலவு இங்கே நண்பர்களிடம் இருக்கிறது. அத்தை மகளும் விளையாட வேண்டும் என்றால் அவள் கைப்பேசியிலும் மைன்கிராஃப்ட் வாங்கியிருக்க வேண்டும். மூன்று பேர் என்றால் மூன்று முறை பணம். அவர்கள் ஒரே வைஃபையில் இருந்தால் சேர்ந்து விளையாடலாம். தீபாவளிக்குப் பாட்டி வீட்டில் கூடும்போது அருமையாக இருக்கும், மற்ற நாள்களில் இணையமும் மைக்ரோசாஃப்ட் கணக்கும் இல்லையென்றால் தனிமைதான். இன்னொரு ஆபத்தும் உண்டு, கட்டிய உலகம் அந்தக் கைப்பேசிக்குள் இருக்கிறது. இடம் போதவில்லை என்று யாராவது செயலியை நீக்கினால் உலகமும் அதோடு போய்விடக்கூடும். அவ்வப்போது ஏற்றுமதி செய்து வேறோர் இடத்தில் வையுங்கள்.

## ஸ்கிராட்ச்

எம்.ஐ.டி. ஊடக ஆய்வகத்தில் உருவாகி 2007இல் எல்லோருக்கும் திறக்கப்பட்டது. இடைநிலைப் பள்ளியின் முதலாண்டான படிவம் ஒன்றில் அசாஸ் சாயின்ஸ் கொம்புத்தெர் எனும் கணினி அறிவியல் அடிப்படைப் பாடம் எடுக்கும் பிள்ளைகள் பாடத்திலேயே இதைச் சந்திக்கிறார்கள். அதனால் வீட்டில் செய்யும் வேலை பள்ளிக்கும் உதவும்.

இதில் முப்பரிமாணம் இல்லை. 480க்கு 360 என்ற மேடையில் பக்கவாட்டில் ஓடும் பாத்திரம், அவ்வளவுதான். ரோப்லாக்ஸ் பார்த்துப் பழகிய பிள்ளைக்கு முதல் பார்வையில் சப்பென்று தோன்றும். ஆனால் ரோப்லாக்ஸில் ஈர்ப்பும் குதிப்பும் இலவசமாகக் கிடைக்கின்றன. ஸ்கிராட்சில் அவற்றை நாமே செய்ய வேண்டும். செங்குத்து வேகம் என்று ஒரு மாறி, ஒவ்வொரு சுற்றிலும் அதில் ஒன்றைக் கழி, அந்த அளவு பாத்திரத்தை நகர்த்து, பச்சைத் தரையைத் தொட்டால் வேகத்தைப் பூஜ்ஜியமாக்கு. ஈர்ப்பு என்றால் என்ன என்று ஒரு பிள்ளைக்கு உள்ளங்கையில் வைத்துக் காட்ட இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

இணையமில்லாமல் இயங்கும் பதிப்பு உண்டு. செய்த விளையாட்டின் கோப்பு சிறியது, பென்டிரைவில் போட்டுப் பள்ளிக் கணினிக்குக் கொண்டுபோகலாம். இந்தப் பதிப்பில் அரட்டை, ரோபக்ஸ் எதுவும் கிடையாது. ஆனால் பகிர்ந்த விளையாட்டை உறவினர் கைப்பேசியில் திறந்தால் அம்புக்குறி விசைகள் இருக்காது. திரையில் பொத்தான்கள் வரைந்து அவற்றுக்கும் நிரல் எழுத வேண்டும். இதைத் தொடக்கத்திலேயே செய்துவிடுங்கள், கடைசியில் சேர்ப்பது தலைவலி.

## ஃபோர்ட்நைட்டின் கட்டுமானக் கருவி

ஃபோர்ட்நைட் விளையாட்டுக்குள் கட்ட 2023இல் வந்த யு.இ.எஃப்.என். என்ற கருவி பற்றிச் சில அண்ணன்மார் கேட்கிறார்கள். காட்சி பிரமாதம், வெர்ஸ் என்ற மொழியும் சுவையானது. ஆனால் வலுவான விண்டோஸ் கணினியும் பெரிய பதிவிறக்கமும் வேண்டும். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு இப்போதைக்கு நான் சொல்வதில்லை.

## யாருக்கு எது

பத்து வயதுக்கு மேல், வீட்டில் ஓடக்கூடிய விண்டோஸ் மடிக்கணினி, டவுனில் ஓரளவு இணையம் என்றால் ரோப்லாக்ஸ் ஸ்டூடியோ. ஐந்தாவது அளவுகோலில் அதற்கு ஈடு இல்லை. சொந்தபந்தம் எல்லோர் கைப்பேசியிலும் அது இருக்கிறது, கட்டிய மாலையே ஓடிப் பார்ப்பார்கள்.

பத்து வயதுக்குக் கீழ் என்றால், அல்லது இணையத்தில் தெரியாதவர்களோடு பழகும் தளமே இப்போது வேண்டாம் என்று நீங்கள் நினைத்தால், ஸ்கிராட்ச். அப்படி நினைப்பதில் தவறேதும் இல்லை, பிள்ளை எவ்வளவு அழுதாலும் அது பெற்றோர் எடுக்க வேண்டிய முடிவு. கணினி இல்லை, இணையமும் இல்லை என்றால் மைன்கிராஃப்ட்.

கணினி இல்லை, ஆனால் பிள்ளை ரோப்லாக்ஸ்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறதா? உங்கள் பகுதியில் நாடி மையம் இருந்தால், முன்பு பெடி என்று சொன்னோமே அதுதான், அங்கே கணினியும் இணையமும் உண்டு. ஸ்டூடியோவை நிறுவ முடியுமா என்று பொறுப்பாளரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். வாரம் இரண்டு மணி நேரம் கிடைத்தாலும் போதும். மற்ற நாள்களில் வீட்டில் கட்டக்காகிதத்தில் ஒரு கட்டத்துக்கு ஒரு ஸ்டட் என்று வைத்து நிலைகளை வரையலாம். வரைந்துகொண்டு வரும் பிள்ளை இரண்டு மணி நேரத்தில் கட்டுவதை, வரையாமல் வரும் பிள்ளை ஒரு மாதத்தில் கட்டுவதில்லை.

அந்தத் தாயின் மகனுக்கு வயது பதினொன்று. வீட்டில் ஒரு கைப்பேசி, அதுவும் அப்பா வேலைக்குப் போகும்போது எடுத்துப் போய்விடுகிறார். மடிக்கணினிக்கு இப்போது பணம் சேர்க்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். டிசம்பர் வரை சனிக்கிழமைகளில் என் கணினியில் ஸ்டூடியோ, வீட்டில் கட்டக்காகிதம். வடிகால் தாண்டும் நிலையை அவன் ஏற்கெனவே வரைந்து கொண்டுவந்துவிட்டான். இடைவெளி ஒன்பது ஸ்டட் போட்டிருக்கிறான். தாண்ட முடியுமா என்பதை இந்தச் சனிக்கிழமை அவனே ஓடிப் பார்க்கட்டும்.